தண்ணி பாத்தாச்சா?

திங்கட்கிழமை காலை. ஏனோக் படகுக்குள் குனிந்து, பலகையைத் தூக்கி, மூடியைத் திருகிப் பார்த்தால் மறுபடியும் தண்ணீர்! அதுவும் விளிம்புவரை. அவர் இறைத்துக் காயவைத்து, சனிக்கிழமை மத்தியானம் கிளம்பும்போது காய்ந்து கிடந்த டேங்க் அது. நாலு வாரமாக இதே கூத்து.

"இது ஓட்டை இல்ல. எவனோ வேணும்னே பண்ற வேலை," என்று வாய்விட்டே சொன்னார்.

தண்ணீர் விஷயத்தில் ஏனோக்கை யாரும் ஏமாற்ற முடியாது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில், பதினோரு வருஷம் பம்ப் ஓட்டிய மனுஷன். அங்கே 'தண்ணி பாக்குறது' என்றால் ஒரே அர்த்தம்தான். ஊறி வருகிற தண்ணீரை இறைத்து மேலே தள்ள வேண்டும். தவறினால் ஆட்கள் வேலை செய்கிற லெவல் முழுகிவிடும், கீழே போனவன் வீடு திரும்பமாட்டான். சுரங்கத்தை மூடிய பிறகு இருபது வருஷம் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய், யார் யார் வாசலிலோ செக்யூரிட்டியாக நின்றார். கால் வீங்கியதுதான் மிச்சம்.

போன மாதம்தான் ஒரு விடிவு வந்தது. சுரங்கத்துப் பக்கம் ஊரிகத்தில் பிறந்து பெங்களூரில் பெரிய ஆளாகிவிட்ட மனோகர், மழையில் நிரம்பிய பேத்தமங்கலம் ஏரியில் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்து விட்டார். இரண்டு பலகைப் பாதைகளுக்கு நடுவே, கொட்டிலில் கட்டிய எருமை மாதிரி அது நிற்கும். அதைக் கவனிக்க ஏனோக்கை வைத்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அங்கிள், அடியில ஒரு டேங்க் இருக்கு. தண்ணி மட்டும் பாத்துக்குங்க."

சொல்லவும் வேண்டுமா! தன் தொழிலே தன்னைத் தேடி வந்துவிட்டதென்று அன்று மனைவி சாராவிடம் சொல்லும்போது ஏனோக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஒருவன் உலை வைக்கிறான். யாரென்று யோசிக்கவே வேண்டாம். டென்சில்தான். பாய், கயிறு, மற்ற ரிப்பேர் எல்லாம் பார்க்கச் சனிக்கிழமைதோறும் வருகிற மெக்கானிக். தன் மச்சானை இந்த வேலையில் சேர்க்க முயன்று மூக்குடைபட்டவன். ஏனோக் வந்த நாளிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. படகு முழுகினால் யார் தலை உருளும்? காவலாளி தலைதானே!

"அவனையே இன்னான்னு கேட்டுடுங்களேன்," என்றாள் சாரா.

"கேட்டா உஷாராயிடுவான். கையும் களவுமா புடிக்கணும்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போவதுபோல் கிளம்பிப் போய்ப் புதர் மறைவில் உட்கார்ந்துகொண்டார். டென்சில் வந்தான். அக்கம்பக்கம் பார்த்தான். டேங்க் மூடியைத் திறந்ததும் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு பின்பக்கத்து வால்வைத் திருகினான். குபுகுபுவென்று ஏரித் தண்ணீர் உள்ளே ஏறியது. அதில் வெள்ளையாக ஒரு பொட்டலத்தைக் கொட்டினான். பிளீச்சிங் பவுடர் வாடை புதர்வரை வந்தது.

"அடப்பாவி! அழுகின வாடை வராம இருக்க மருந்து வேற போடறியா!" ஏனோக் புதருக்குள்ளேயே முணுமுணுத்தார்.

மறுநாள் மனோகர் வருவதாக இருந்தது. அவர் வந்து மாதத்துக்கு மேலாகிவிட்டது. பன்னிரண்டு வயது மகள் ராதிகாவை முதல்முறையாகப் படகில் கூட்டிப்போகப் போகிறார். பொழுது விடிந்ததும் விடியாததுமாக ஏனோக் ஏரிக்கு ஓடினார். கைப் பம்பை வைத்து, முதுகு விண்விண்ணென்று தெறிக்க, கடைசிச் சொட்டுவரை இறைத்தார். உள்ளே துணிவிட்டுத் துடைக்கவும் செய்தார். பாப்பா சந்தோஷமாகப் போய் வரட்டும், அப்புறம் டென்சிலை நிற்க வைத்துக் கேட்கலாம் என்று காத்திருந்தார்.

பத்து மணிக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். முதலாளி வருகிறாரென்று டென்சிலும் வந்து நின்றான். "தண்ணி பாத்தாச்சா?" என்று பொதுவாகக் கேட்டார் மனோகர்.

"நேத்தே பாத்துட்டேன் சார்," என்றான் டென்சில்.

திமிரைப் பாரு என்று நினைத்துக்கொண்டே, "நானும் காலைல பாத்துட்டேன் சார்," என்றார் ஏனோக்.

படகு ஏரி நடுவுக்குப் போகும்வரை அழகாகத்தான் போனது. பிறகு மலைப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. பாய் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை, அப்படியே புரண்டுவிட்டது. மனோகர் தலை மேலே வந்தது. ராதிகா தலை வரவில்லை.

ஏனோக்குக்கு நீச்சல் தெரியாது. "இயேசுவே, இயேசுவே" என்று பலகைமேல் நின்று கதறினார். டென்சில் கரையில் கிடந்த துடுப்புப் படகில் பறந்தான். தண்ணீரில் குதித்து, பாய்க்கு அடியில் சிக்கியிருந்த பெண்ணை இழுத்து வெளியே எடுத்தான். கரைக்கு வந்ததும் அவள் இருமி இருமித் தண்ணீர் கக்கினாள். பிழைத்துக்கொண்டாள்.

மனோகர் டென்சிலின் சட்டையைப் பிடித்தார். "டேங்க் காலிடா! அந்தத் தண்ணி கனம்தான படகை நிமித்தி வெக்குது? ரொப்பாம எப்படிடா அனுப்புன?"

ரொப்பாமலா? ஏனோக்குக்குக் காலடியில் பலகை நழுவியது போலிருந்தது.

"ரொப்பினேன் சார். வாராவாரம் ரொப்பறேன், அடுத்த வாரம் வந்தா காலியா கெடக்குது. யாரோ எனக்கு ஆப்பு வெக்கறாங்க சார்!"

"பொய் பேசாத. இனிமே இந்தப் பக்கமே வராத. போலீஸ்ல சொல்றேன் இரு."

டென்சில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றான். அவனுக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளை யாரும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிற்கும், டென்சில் தொலையட்டும் என்று ஒரு மாதமாக ஆசைப்பட்டதும் நடக்கும்.

"அவன் ரொப்பினான் சார்," என்றார் ஏனோக். "நேத்து என் கண்ணால பாத்தேன்."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

"நான்தான் எறச்சிட்டேன்."

ஏனோக் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நடுங்கிக்கொண்டிருந்த ராதிகாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.