மாதிரி அக்கா

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. ஆஸ்பத்திரிப் போர்வை நனைந்தால் பிணக்கனம் கனக்கும். மிஷினிலிருந்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தவளை இஸ்திரி போடுகிறவள் கூப்பிட்டாள்.

"மாதிரி அக்கா, உன்னப் பாக்க வக்கீலம்மா வந்திருக்காங்க."

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். எதைக் கேட்டாலும் ஒரு 'மாதிரி' போடாமல் பேசமாட்டாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்ட மாதிரி. கல்யாணம் ஆயிற்றா என்றால் ஆன மாதிரி. புருஷன் ஓடிப்போனவன் என்பதால் அதற்கு மட்டும் கேட்பவர்களுக்குச் சிரிப்பு கூடுதலாக வரும். பெரிய மனிதர்கள் முன்னால் எதையும் அடித்துச் சொன்னால் வம்பு என்று பழகிய வாய்.

வாசலில் வக்கீலம்மாவோடு அந்தப் பெண் நின்றாள். முன்பு இங்கே துணி மடித்தவள். சோப்புத்தூள் அறைக்குள் வைத்து சூப்பர்வைசர் அவளைப் பலாத்காரம் செய்தான். கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்தது. அவன் அப்பீல் போனான்.

"விட்டுட்டாங்க," என்றார் வக்கீலம்மா. "போதுமான சாட்சியம் இல்லையாம்."

"எப்படி மேடம்? நான்தான் சாட்சி சொன்னேனே!"

"என்ன சொன்னீங்க? 'சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு'ன்னீங்க. அப்படியே எழுதிக்கிட்டாங்க. இவ பேச்சுக்குப் பக்கபலம் அது ஒண்ணுதான். கேட்ட மாதிரின்னா கேக்காமலும் இருந்திருக்கலாம், மிஷின் ஓடுற இடம், சந்தேகத்தோட பலன் அவனுக்குன்னு முடிச்சிட்டாங்க."

"என் பேச்சே அப்படித்தான் மேடம்! யார வேணா கேளுங்க. இப்ப வந்து சரியா சொல்றேன்."

"மேல ஒரு கோர்ட்டு இருக்கு, போவோம். ஆனா அங்கயும் எழுதி வச்சதத்தான் பாப்பாங்க."

போன் அடித்தது. வக்கீலம்மா தள்ளிப் போனார்.

"அக்கா, பழக்கத்துல சொன்னீங்களா, பயத்துல சொன்னீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மாதிரி அக்கா கையை ரப்பர் ஏப்ரனில் துடைத்தாள். ஏப்ரனும் ஈரம்.

"பயந்த மாதிரி..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, வந்துடுச்சு," என்று அந்தப் பெண் சிரித்தாள். அடித்திருந்தால் தேவலை.

"பயந்துதான்டி. கோர்ட்டுல எதிர்ல அவன் நிக்கிறான். இங்க சம்பளம் போடுறது அவன் மச்சான். நாக்கு தானா அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு. பழக்கம்னு நெனச்சுப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"அப்ப அன்னைக்கு?"

"கேட்டுச்சு."

'மாதிரி' ஒட்டாமல் வந்தது அந்தச் சொல். "அக்கான்னு கூப்பிட்ட. ரெண்டு தரம். நல்லாவே கேட்டுச்சு. நான் மிஷின நிறுத்தல."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். "என் கொரல்தான் வெளிய வரலியோன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்க்கா. கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு."

வக்கீலம்மாவை நோக்கி நடந்தாள். 'போய்ட்டு வரேன்' கூட இல்லை.

உள்ளே போனதும் இஸ்திரிக்காரி கேட்டாள்: "என்ன மாதிரி அக்கா, கேஸு ஜெயிச்ச மாதிரியா?"

அவள் குனிந்து போர்வையை இழுத்தாள். முகத்தை நிமிர்த்த முடியவில்லை. அக்கா என்று கூப்பிட்டவளுக்கு அன்றைக்கே 'என்னடி' என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அந்த 'என்னடி' இன்னும் பாக்கி.