ஐந்தாம் நாள் நிறம்

"போட்டோ எடுத்து முடியிற வரைக்கும் குழந்தையை எங்கயும் தூக்கிட்டுப் போகக்கூடாது" என்றார் மாமனார். மருமகள் தோளில் கிடந்த குழந்தையை இறக்கவில்லை.

பிறந்து ஐந்தே நாளான பெண் குழந்தை. பிறந்த அன்று தாயைப் போலவே கறுப்பு. மூன்றாம் நாள் மாலையிலிருந்து மேனியில் ஒரு பொன்னிறம் ஏறத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளாகப் பெயிண்ட் கடை நடத்துபவரின் கண்ணுக்கு அது தப்புமா? கடையிலிருந்து வண்ண அட்டையைக் கொண்டுவந்து, உறங்கும் பேத்தியின் கன்னத்தருகே பிடித்து, தந்தம், வெண்ணெய், எலுமிச்சை என்று கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, "தங்கம்தான். நூத்திப் பதினாலாம் நம்பர்" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார். சுவருக்கு நிறம் தேடி வருபவர்கள்கூட, காய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர் கேட்கவில்லை.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் உண்டு. மகனின் திருமணத்தன்று அவருடைய அக்கா மணப்பெண்ணைப் பார்த்து, "யாராவது விளக்கைப் போடுங்கப்பா, பொண்ணு எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு" என்றாள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல இரண்டு ஆண்டுகளாக அவர் காத்திருந்தார். சிரித்தது தவறு என்று சொல்வதற்கல்ல; எங்கள் வீட்டிலும் சிவப்பு பிறக்கும் என்று காட்டுவதற்கு. மனிதனின் மானம் எவ்வளவு மெல்லிய தோலில் குடியிருக்கிறது, பாருங்கள்.

"மாமா, நேத்துலேர்ந்து சரியா பால் குடிக்கல. உள்ளங்காலைச் சுண்டினாக்கூட முழிக்க மாட்டேங்குது."

"நல்ல குழந்தைன்னா தூங்கும்மா. உன் புருஷன் மாதிரி ஊரைக் கூட்டணுமா?"

"என்னை ஏம்ப்பா இழுக்கிறீங்க?" என்றான், வாசலில் நின்ற கணவன்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம் மாமா."

"காட்டினா எதையாவது குடுத்து இருக்கிற நிறத்தையும் இறக்கிடுவாங்க. போட்டோக்காரர் பதினோரு மணிக்கு வந்துடுவார். அப்புறம் போ."

பெரிய லாண்டரி ஒன்றில், விடுதிகளின் வெள்ளை விரிப்புகளைச் சோதிக்கும் மேசையில் எட்டு ஆண்டுகள் நின்றவள் மருமகள். நாம் வெள்ளை என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவள் ஏழாகப் பிரிப்பாள். துவைத்த வெள்ளைத் துணியொன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். குழந்தையின் முகத்தருகே அதைப் பிடித்து, இமையை மெல்ல விலக்கினாள்.

"நிறம் உங்க தொழில் மாமா. வெள்ளை என் தொழில். இந்தக் கண்ணு வெள்ளையா இல்ல."

கணவன் குனிந்து பார்த்தான். "அப்பா, மஞ்சளா இருக்குப்பா."

மாமனார் வண்ண அட்டையைப் பார்த்தார். கண்ணுக்கு அதில் நம்பர் இல்லை. "ஒரே ஒரு போட்டோ மட்டும்..." என்று அவர் தொடங்கியபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கணவன் அவசரமாகத் தன் கைபேசியில் ஒரு படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அவள் பின்னால் ஓடினான்.

மருத்துவர் குழந்தையின் நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்திப் பார்த்தார். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் அவர் முகம் இறுகியது.

"மஞ்சள் காமாலை. ரொம்ப ஏறியிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூளையைத் தொட்டிருக்கும். யார் கண்டுபிடிச்சது?"

கணவன் மனைவியைக் காட்டினான்.

"நர்ஸா இருக்கீங்களாம்மா?"

"லாண்டரிங்க."

"அப்படியா? எங்க வார்டு விரிப்பையும் ஒரு நாள் வந்து பாருங்க. எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

இரண்டு நாள் குழந்தை கண் கட்டப்பட்டு, காமாலையை இறக்கும் நீல விளக்கின் கீழ் கிடந்தது. மாமனார் கண்ணாடிக்கு வெளியே நின்றார். அவர் சட்டைப் பையில் கைபேசி ஓயாமல் துடித்தது. உறவினர்களுக்கு அவர் முந்திக்கொண்டு அனுப்பிய படத்துக்கு வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தன. 'தங்கச் சிலை.' 'நம்ம குடும்ப நிறம் தப்பல' என்று அக்காவும் எழுதியிருந்தாள். விளக்கின் கீழ் கிடக்கும் சிலையைப் பார்த்துக்கொண்டு அவரால் அதை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் குழந்தை தன் சொந்தக் கறுப்புக்குத் திரும்பி, வார்டே அதிர அழுது, பாலுக்குச் சண்டை போட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அந்த நிறம் இனிமே வராதுங்களா டாக்டர்?"

"வந்தா அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடி வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் ஜன்னலோரம் வெள்ளை விரிப்பைப் போட்டுக் குழந்தையைக் கிடத்தினாள். கண்கள் விரியத் திறந்திருந்தன. அவற்றின் வெள்ளையில் அவளால்கூடக் குறை காண முடியவில்லை. படம் எடுத்தாள். யாரையும் கேட்காமல் உறவினர்கள் அனைவருக்கும் அனுப்பினாள்.

அக்காவின் பதில் உடனே வந்தது. 'ஐயோ, பிள்ளைக்கு என்ன ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?'

உயிர் ஊசலாடியபோது வாழ்த்து. உயிர் மீண்டபோது துக்க விசாரிப்பு. கணவன் அப்பாவைப் பார்த்தான். அவள் கைபேசியை மாமனாரிடம் நீட்டினாள்.

"உங்க அக்காதானே மாமா. நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார்:

'இப்பதான் சரியாச்சு அக்கா.'