பாதி மாத்திரை

“மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்காதும்மா” என்றார் டாக்டர் ஹாந்தோயோ, கணினியை விட்டு முகத்தைத் திருப்பாமலே.

வர்த்தினிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அவளுடைய ரத்தப் புற்றுநோயை இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததே அந்த மாத்திரைதான். மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் ‘இருப்பு இல்லை’ என்று அட்டை தொங்கியது. அதே நோய்க்காரி குஸ்மியாத்தி, காத்திருக்கும் பெஞ்சில் சிநேகமானவள், தன்னிடம் மிச்சமிருந்ததைக் கத்தியால் வெட்டிப் பாதி கொடுத்தாள். ஒரு தட்டுச் சோற்றையே நாலு பேர் சுற்றி உட்கார்ந்து தின்கிற ஊரில், பக்கத்திலிருப்பவள் பார்க்கப் பார்க்க முழுசாக விழுங்க எவளுக்கு மனசு வரும்?

“ஒழுங்கா போட மாத்திரை இருந்துச்சா டாக்டர்?”

“பாதி போட்டா சாதாரணப் புற்றுச் செல்லுதான் சாகும். எமகாதகச் செல் ஒண்ணு ரெண்டு தப்பிச்சு, அதுவே பெருகிடும். மாத்திரை போய் ஒட்டற இடமே உங்க செல்லுல உருமாறிப்போச்சு. இனி அது உங்களுக்குக் கேக்காது.”

“குஸ்மியாத்திக்கு?”

“அவங்களுக்கு இன்னும் கேக்குது. அதிர்ஷ்டம்.”

“எனக்கு வேற மருந்து?”

“இருக்கு. ஆஸ்பத்திரி கமிட்டி அனுமதிக்கணும். மருந்தை ஒழுங்கா சாப்பிடாதவங்கன்னா யோசிப்பாங்க.”

“கடையைப் பூட்டினது நீங்க. பட்டினி கிடந்த குத்தம் என் மேலயா?”

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தால், மருந்து ஜன்னல் திறந்திருந்தது! “ஸ்டாக் வந்தாச்சு, வாங்கிக்கங்க” என்று ஊழியன் அதே பழைய மாத்திரை இரண்டு பெட்டியை அவள் கையில் திணித்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவன் மூஞ்சியிலேயே விட்டெறியலாம் போலிருந்தது.

பெஞ்சில் குஸ்மியாத்தி அழுதுகொண்டிருந்தாள். “நான் வெட்டிக் குடுத்துதானே அக்கா இப்படி ஆச்சு?”

“வாயை மூடுடி! குடுத்தவ மேல பழி, குடுக்காதவனுக்குச் சம்பளமா?” வர்த்தினி பெட்டிகளை அவள் மடியில் போட்டாள். “முழுசா முழுங்கு. இனிமே எவளுக்கும் வெட்டிக் குடுக்காதே. நானே வந்து காலைப் பிடிச்சாலும் குடுக்காதே.”

“நீ எங்கக்கா போற?”

“என் மருந்து எப்ப வரும்னு கேக்க.”

வர்த்தினி டோக்கன் எடுக்கவில்லை. டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.