பதிவேட்டில் நான்கு ‘இ’

சித்தி பரீதா என்ற பெயருக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கீறியிருந்தது. அடிமட்டம் வைத்து, கோணல் மாணல் இல்லாமல் கீறிய கோடு. ஆளை வெட்டுவதென்றாலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அல்லவா!

மூதூர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆபத்து உதவித் தொண்டர் சங்கத்தின் மாதப் பயிற்சி. எழுபத்தொன்பதாம் ஆண்டு, பெப்ரவரியின் முதல் சனிக்கிழமை. செயலாளர் யோகலிங்கம் திருகோணமலையிலிருந்து காலை லாஞ்சிப் படகில் வந்து, பதிவேட்டை மேசையில் விரித்துவைத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. விதியை மீறினால் வானம் இடிந்து விழும் என்று நம்புகிறவர். போன நவம்பர்ப் புயலில் வானம் இடிந்து விழத்தான் செய்தது. அன்றைக்கு ஒரு விதியும் மீறப்பட்டிருக்கவில்லை.

“விதி பதினொண்டு, பரீதா. தொடர்ந்து மூண்டு பயிற்சிக்கு வராதவை தொண்டராய் இருக்க ஏலாது. நீங்கள் நாலுக்கு வரேல்லை.”

வந்தவருக்கு ‘வ’, இல்லாதவருக்கு ‘இ’ போடுவது அவர் வழக்கம். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. பரீதாவின் வரிசையில் நான்கு ‘இ’கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

“அது இத்தா, சேர். என்ட மனுசன் மௌத்தாகி நாலு மாசமும் பத்து நாளும் நான் வீட்டுக்குள்ள இருக்க வேணும். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா விதியிலை சுகயீனம், பிரசவம் ரெண்டுதான் கிடக்கு. அதுக்கும் முன்கூட்டிக் கடிதம் தரவேணும்.”

“முன்கூட்டியா? என்ட மனுசன் எனக்கே சொல்லிப்போட்டுப் போகல்ல, சேர்.”

பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ சிரித்து அடங்கினார்கள். யோகலிங்கத்தின் காது சிவந்தது. “திரும்பச் சேரலாம். கிராம சேவகரின்ரை கடிதம், முதலுதவிச் சோதனை, அம்பது யார் தூரம் நீச்சல். ஆனா புதுச் சேர்க்கை வாற ஜனவரியிலைதான்.”

வாற ஜனவரி என்றால் இந்த ஆண்டு மாரிமழைக் காலம் முழுக்க மூதூர்ப் பிரிவில் ஒரு பெண் தொண்டரும் இல்லை. இருந்தது இவள் ஒருத்திதான். முதல் தரம் சேர்ந்தபோது இவள் நீந்துவதை ஆண்கள் பார்க்கக் கூடாதென்று, மருத்துவிச்சி குணேஸ்வரி ஆற்றங்கரையில் குந்தியிருந்து பார்த்துக் கடிதம் கொடுத்தாள். அப்படிச் சேர்ந்த பெயர்.

புயலன்று பின்னேரம், வீட்டு ஆண்கள் எல்லாரும் தோணிகளை இழுத்துக் கட்டக் கரைக்கு ஓடியிருந்தார்கள். இத்தா வெள்ளையோடு வீட்டுக்குள் இருந்த பரீதா, தெருவில் தொண்டர்கள் கதவுகளைத் தட்டுவதையும் ஒரு கதவும் திறவாததையும் கேட்டாள். பொறுக்க முடியவில்லை. இறங்கினாள். வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பதினேழு வீட்டுச் சனம் இவள் பின்னால் இந்த மண்டபத்துக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் வெளியே வரத் தடையில்லை என்று பள்ளிவாசல் லெப்பை பிறகு சொல்லிவிட்டார். ஆனாலும் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? இத்தாவில் இருந்தவள் தெருவில் இறங்கினாளாம் என்று இன்றைக்கும் கதை. அங்கே வந்தது குற்றம், இங்கே வராதது குற்றம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

“புயலுக்கு நான் வந்தனே, சேர். அதை எங்க எழுதினீங்க?”

யோகலிங்கம் தாள்களைப் புரட்டினார். “அதுக்குக் கட்டம் இல்லை. கட்டம் பயிற்சிக்குத்தான்.”

“நல்லது. இண்டைக்கு என்ன பயிற்சி?”

“வீடுகளிலை இருந்து சனத்தை இங்கை கூட்டிக்கொண்டு வாறது.”

“நடத்துங்க. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

எட்டுத் தொண்டர்களோடு யோகலிங்கம் பின்பக்கத்துச் சின்னத் தெருவுக்கு, ஒழுங்கைக்குப் போனார். பரீதா வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விசில் ஊதினார்கள். உம்மு குல்சுமின் கதவைச் செயலாளரே தட்டினார்.

“ஆம்பிளையள் வீட்டில இல்ல!” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“அம்மா, நான் சங்கத்துச் செயலாளர். இது பயிற்சி.”

“ஆம்பிளையள் கடலால வந்த பிறகு வாங்க!”

அடுத்த வீட்டிலும் அதே பதில். மூன்றாம் வீட்டில் பதில்கூட இல்லை, தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்டது. யோகலிங்கம் கழுத்தைத் துடைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பிப் போகும் லாஞ்சிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம்.

“பரீதா, ஒருக்காக் கூப்பிட்டு விடுங்கோவன்.”

“நானா? நான் ஆரு, சேர்? என்ட பேருக்கு மேல கோடு கிடக்கு. விதி பதினொண்டு.”

தொண்டர்களின் தலைவர் அபூதாஹிர் தொண்டையைச் செருமினார். “புயலுக்கும் இப்பிடித்தான், சேர். நாங்க தொண்டை கிழியக் கத்தினோம். இவங்க வந்த பிறகுதான் திறந்தாங்க.”

யோகலிங்கம் கையிலிருந்த பதிவேட்டை, வேலியில் சாத்தியிருந்த ஒரு சைக்கிளின் ஆசனத்தில் வைத்து, சிவப்புக் கோட்டின் கீழே அவள் பெயரைத் திரும்ப எழுதினார். தாராள மனமும் வந்துவிட்டது போலும். “இந்த நாலையும் ‘வ’ எண்டு மாத்திவிடுறன்.”

“தொடாதீங்க!”

ஒழுங்கையே திடுக்கிட்டது. பரீதாவின் கண் நிறைந்தது, ஆனால் தலை தாழவில்லை. “அந்த நாலு மாசமும் நான் என்ட மனுசனுக்காக இருந்தன். அதைப் பொய்யாக்காதீங்க. ‘இ’ எண்டா இல்லை எண்டு நீங்க வாசியுங்க. நான் இத்தா எண்டு வாசிக்கிறன். அது அப்பிடியே கிடக்கட்டும். நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில ஒரு கட்டம் கீறுங்க. மேல புயல் எண்டு எழுதுங்க.”

அடிமட்டம் மண்டபத்தில் கிடந்தது. சைக்கிள் ஆசனத்தில் வெறுங்கையால் கீறிய கோடு கோணலாய் ஓடியது. பரீதாவுக்கு ‘வ’. “அபூதாஹிருக்கும் மற்றவங்களுக்கும் போடுங்க, அவங்களும் வந்தவங்க,” என்றாள். போட்டார்.

முதல் வரியில் அவருடைய பெயரே இருந்தது. புயலன்று அவர் திருகோணமலையில், தன் வீட்டில் இருந்தார். பேனா அங்கே நின்றது. யோகலிங்கம் குனிந்து, தன் கையாலேயே ‘இ’ என்று எழுதினார்.

பரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் திரும்பினாள்.

“குல்சும்! நான்தான். புள்ளையளைத் தூக்கிக்கொண்டு வா!”

தாழ்ப்பாள் விலகியது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக உம்மு குல்சும் வெளியே வந்தாள்.

“எவ்வளவு நேரமாத் தட்டுறாங்க, நீ ஏன் முந்தியே கூப்பிடல்ல?”

“என்ட பேரை எழுதும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டன்,” என்றாள் சித்தி பரீதா, அடுத்த கதவை நோக்கி நடந்தபடி.