ஆச்சா, ஆச்சு

மதியம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறும்போதே எனக்குப் பாதிக் கண் சொருகிவிடும். கீழே கடை, மேலே எங்கள் ஒற்றை அறை. கதவைத் திறந்தால் மஞ்சள் திரையில் வடிகட்டிய வெளிச்சமும் ரொட்டி வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் மோதும். அவருக்கு ரொட்டிக் கூடத்தில் வேலை. விடியும் முன்பே போய் மாவு பிசைந்து, அடுப்போடு அடுப்பாக வெந்து, நான் கடைக்கு இறங்கும் நேரத்துக்கு வந்து சேருவார். வாசலிலேயே பிள்ளையைக் கைமாற்றிக்கொள்வோம். "பால் ஆச்சா?" "ஆச்சு." "தூக்கம் ஆச்சா?" "ஆச்சு." எங்கள் குடித்தனமே இந்த ஆச்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யார் செய்தது என்கிற பேச்சே கிடையாது. யாரோ செய்திருப்பார்கள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் ஏறி வருகிற நேரம் அவர் பாயில் மல்லாந்து கிடப்பார். ஒரு கை மட்டும் குழந்தைக் கட்டிலின் கம்பிக்குள் நுழைந்திருக்கும். உள்ளே மிளகு அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பாள். பிறந்தபோது கறுத்துச் சுருங்கி இருந்ததால் அவர் வைத்த பெயர் அது. அவர் புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். எனக்கு அந்த அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தோன்றும். சத்தமாகப் பேசவே மனசு வராது.

மிளகுக்குப் பால் தங்கவில்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் முதுகை வளைத்து, முகம் சிவந்து, ஒரு வீறல். பிறகு குடித்ததெல்லாம் என் தோளில். "எதுக்களிப்பு. வயித்துல இருக்கிறது மேல ஏறி வருது. வயித்தெரிச்சல் தாங்காமதான் இப்படிக் கத்துறா" என்றார் டாக்டர் அம்மா. "பொறந்து ரெண்டு மாசத்துல இவளுக்கு யாரு மேலங்க வயித்தெரிச்சல்?" என்று இவர் கேட்டு வைத்தார். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன். வெள்ளை மருந்து ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்தார். ஊசி இல்லாத சிரிஞ்சில் கோடு வரைக்கும் இழுத்து, கன்னத்துக்கு உள்பக்கமாக விட வேண்டும். காலையும் மதியமும், பாலுக்கு முன்னால். அடுத்த முறை வரும்போது எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால் என்றார்.

"கக்கின பிள்ளை தக்கும்டி, மனசை விடாத" என்று கடைக்கார அக்கா தைரியம் சொன்னாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் கண்ணை யார் ஏமாற்றுவது? வயிற்றில் இருக்கும்போதே அவளுக்குச் சட்டைகள் தைத்து வைத்திருந்தேன். வளர வளரப் பிரித்துவிடலாம் என்று தோளிலும் ஓரத்திலும் தாராளமாக மடிப்பு விட்டிருந்தேன். ஊரார் துணியெல்லாம் 'கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடும்மா' என்று என்னிடம் வருகிறது. என் பிள்ளையின் மடிப்பு ஒன்றைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. நாள் முழுக்க மெஷினை மிதித்துக்கொண்டு அந்த மடிப்புகளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

எடை பார்க்கும் நாளுக்கு முந்தின மதியம். வழக்கம்போல மேலே வந்து, "மருந்து ஆச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ம்... ஆச்சு" என்றார் கண்ணைத் திறக்காமல். சரி என்று மறுநாள் கொண்டுபோகும் பையில் மருந்துப் பாட்டிலை வைக்கலாமென்று எடுத்தேன். கை கனத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எடை பார்க்க வரும்போது தீர்ந்திருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்ன பாட்டிலில் பாதிக்குக் குறையாமல் மருந்து நின்றது.

"என்னங்க, எந்திரிங்க. காலைல நான் குடுத்துட்டுப் போறேன். மத்தியானம் மருந்து யார் குடுக்கறது?"

"நீதான்" என்றார் எழுந்து உட்கார்ந்து, ரொம்பத் தெளிவாக.

"நானா? தினம் வந்ததும் ஆச்சான்னு கேக்கறேன். ஆச்சுன்னு சொல்றீங்க!"

"நீ எங்க கேட்ட? நீதானே வந்ததும் 'மருந்து ஆச்சு'ன்னு சொல்ற? சரி ஆச்சுன்னு நானும்..." என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

ஆச்சா. ஆச்சு. நான் கேட்ட 'ச்சா'வின் துணைக்கால் அவர் தூக்கத்தின் வாசலிலேயே தடுக்கி விழுந்திருக்கிறது. அதுவும் தினமும், அதே வாசலில். பெரிய இடிகூட எழுப்பாத அளவுக்கு அலுத்துப்போன மனுஷனிடம் ஒரு எழுத்தைப் போய் நம்பியிருக்கிறேன்.

"நீ குடுக்கறதைப் பார்த்தேனே" என்றார் அவர், குழந்தை மாதிரி. "கட்டில் பக்கத்துல உக்காந்து, அவ கன்னத்தைத் தட்டித் தட்டி... அவ மூஞ்சியைச் சுளிச்சா. மாவு மழையாக் கொட்டிட்டு இருந்துச்சு." மாவு மழை என்று சொன்னபோதுதான் அவருக்கே விளங்கியது. எனக்கும் அப்படி ஒரு படம் உண்டு. அவர் அவளை மடியில் வைத்து மருந்து விடுவதை, மெஷினை மிதித்துக்கொண்டே நான் மனசுக்குள் நூறு முறை பார்த்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேர் கனவிலும் வேளை தவறாமல் மருந்து குடித்த பிள்ளை, நிஜத்தில் நெஞ்செரிந்து கத்தியிருக்கிறது. இப்போது வயிற்றெரிச்சல் எனக்கு. அவர் மேல், என் மேல், அந்த மஞ்சள் திரை மேல்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடலாம்" என்றார்.

"என்னன்னு? அப்பனும் ஆத்தாளும் தூங்கிட்டோம்னா?"

"ஆமா, தூங்கிட்டோம்னுதான். சொல்லாம விட்டா மருந்து கேக்கலைன்னு நெனச்சு மூக்குல குழாயை விட்டுடுவாங்க. திட்டு நம்மளோட போகட்டும்மா."

சிரிஞ்சை எடுத்து மருந்தை இழுத்தேன். கோட்டைத் தாண்டி என் கை போய்க்கொண்டே இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "விட்டதைப் பிடிக்க இது என்ன சூதாட்டமா? கோட்டோட நிறுத்து." கோட்டுக்கு மேல் இருந்ததைத் திரும்பப் பாட்டிலிலேயே விட்டேன்.

"குடு, நான் குடுக்கறேன்" என்றார்.

"நான் பாக்கறேன்" என்றேன்.

நான், நான் என்று சொல்லி எத்தனை நாளாயிற்று எங்கள் வீட்டில்! மிளகு கன்னத்தில் வாங்கிய மருந்தை நாக்கால் துழாவி, கனவில் சுளித்த மாதிரியே முகத்தைச் சுளித்து, விழுங்கினாள். பிறகு பால் கொடுத்தேன். அவர் வாங்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, திரைக்கும் கதவுக்குமாக நடந்தார். கீழே அக்கா யாருக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தது கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. நான் துணியோடு பின்னாலேயே நடந்தேன். மிளகின் தோளில் பிரிக்காத மடிப்பு மேலும் கீழும் அசைந்தது. ஒரே ஒரு வேளை மருந்து நாளைக்குள் எந்த மடிப்பைப் பிரித்துவிடப் போகிறது? தெரிந்தும் நடந்தேன்.

ஒரு சின்ன ஏப்பம் வந்தது. அவர் நின்றார்.

"கக்கிட்டாளா?" தோளில் கிடந்த அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை.

அவள் உதட்டோரம் ஒரு வெள்ளைத் துளி வந்து நின்றது. துடைக்கப் போன துணி பாதியிலேயே நின்றுவிட்டது. துளி விழவில்லை, உள்ளேயும் போகவில்லை. "அசையாதீங்க" என்றேன். மிளகின் நாக்கு நுனி மெல்ல வெளியே வந்து அதைத் தேடியது.