உண்ணாமலை மேல் ஒரு வழக்கு

"உங்க மேல ஒரு கேஸ் இருக்குதேம்மா" என்றார் மேலாளர் சகாதேவன்.

நர்ஸ்களுக்குக் கேஸ் என்றால் நோயாளி. "எந்த பெட்டுங்க சார்?" என்று கேட்டுவிட்டாள் உண்ணாமலை.

"பெட்டு இல்லம்மா. போலீஸ் கேஸ்."

போலீஸ் சரிபார்ப்பு அறிக்கை தெரிந்த கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பெயர் உண்ணாமலை, உறவினர் பெயர் அண்ணாமலை, ஊர் அடி அண்ணாமலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவரை ஆபாசமாகத் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதாக வழக்கு. நம் பக்கத்துச் சண்டைகளில் இந்த மூன்று பிரிவுகளும் இட்லி, சட்னி, சாம்பார் மாதிரி. ஒன்றைக் கேட்டால் மற்ற இரண்டும் தானாக இலைக்கு வந்துவிடும். ஆனால் உண்ணாமலை இதுவரை ஒரு கொசுவைக்கூட உரக்கத் திட்டியதில்லை.

பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ் ரஹமத்துன்னிசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவளா? டிரையல் டியூட்டி அன்னிக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி ஒருதரம், போட்ட பின்னாடி ஒருதரம் மன்னிப்பு கேட்டா சார். இவளா மிரட்டுவா?"

"சாதுவா தெரியறவங்களைத்தான் சிஸ்டர் ஜாஸ்தி விசாரிக்கணும்" என்றார் சகாதேவன். சென்னைக்குப் போய் ஆள் தேர்வு பற்றிப் பயிற்சி எடுத்து வந்ததிலிருந்து, வாசலில் படுக்கும் நாயைக்கூட அவர் சற்று யோசித்துத்தான் பார்த்தார்.

ஆனாலும் போலீசில் விசாரித்த பிறகே ஆள் எடுப்பது என்ற அவர் விதியில் நியாயம் இருந்தது. செங்கம் சாலையில் அவர்கள் திறந்திருந்தது முதியவர்களுக்கான மருத்துவ இல்லம். எழுந்திருக்க முடியாத ஒருவரோடு ராத்திரி முழுக்க ஒரு நர்ஸ் தனியாக இருப்பாள். அவர் கழுத்தில் சங்கிலி இருக்கும், அலமாரியில் தூக்க மருந்து இருக்கும். கூப்பிட்டால் அடுத்த அறைக்குக்கூட அவர் குரல் எட்டாது. அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போது விசாரிக்காமல் விட்டால்தான் தப்பு.

உண்ணாமலைக்கு அது புரிந்தது. அதனால்தான் பயமாகவும் இருந்தது. ஹாஸ்டல் சாப்பாடு போதும் என்று வேலூர் வேலையைப் போன வாரம்தான் விட்டுவிட்டு வந்திருந்தாள். இந்த வேலை வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற தூரம். திங்கட்கிழமைக்குள் இந்த வழக்கு தன்னுடையது இல்லை என்று காட்டாவிட்டால், அடுத்ததாகக் காத்திருக்கும் கீழ்பென்னாத்தூர் தேவிப்ரியாவுக்கு இடம் போய்விடும்.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். மறுநாள் பௌர்ணமி. நிலையமே காலியாக இருந்தது; கணினி முன்னால் காவலர் அருணாதேவி மட்டும் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நீ இல்லியே" என்றார்.

"அப்பறம் ஏங்க்கா என் பேருல வந்துச்சு?"

"இந்தக் கட்டத்தப் பாரு. உறவினர் பேரு. கல்யாணம் ஆவாதவங்களுக்கு அப்பா பேரு, ஆன பொம்பளைங்களுக்கு வூட்டுக்காரர் பேரு. ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான். உனக்கு அண்ணாமலை அப்பா. அந்தம்மாவுக்கு அண்ணாமலை வூட்டுக்காரரு. மெஷினுக்கு இன்னா தெரியும்? அண்ணாமலைன்னா அண்ணாமலைதான்."

வேறு ஊராக இருந்தால் இது அபூர்வம். இங்கே ஆண் பிள்ளைகளுக்கு மலையின் பெயரையும் பெண்களுக்கு அம்மன் பெயரையும் வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். தெருவில் நின்று "அண்ணாமலை" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ஐந்தாவது ஆள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். வழக்கமாகக் கணினி பெயரைப் பொறுக்கிக் கொடுத்ததும் ஒரு காவலர் வீடு தேடி வந்து வயதையும் முகவரியையும் ஒத்துப் பார்ப்பார். இந்த முறை அவர்கள் எல்லாரும் கிரிவலப் பாதைக்குப் பந்தோபஸ்து போய்விட்டதால், கணினி சொன்னது அப்படியே மேலே போய்விட்டது.

"திருத்திக் குடுங்கக்கா."

"குடுப்பேன். கையெழுத்து போடறவரு செவ்வாக்கிழமைதான் வருவாரு."

"அந்தம்மா யாருங்க்கா?"

"அத நான் சொல்லக் கூடாது." அருணாதேவி சொல்லவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார். "ஆனா உங்க ஊர்ல டிபன் சாப்ட்டா, சட்னி கம்மியா இருக்குதுன்னு மட்டும் சொல்லிடாத."

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருப்பவரை ஊரே 'கடைக்கார அத்தை' என்றுதான் கூப்பிடும். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று உண்ணாமலை யோசித்ததே இல்லை.

மறுநாள் சாயங்காலம் போனபோது கடையில் பக்தர் கூட்டம் நெரித்தது.

"அத்தே, உங்க பேரு இன்னா?"

"ரேஷன் கார்டுல சேக்கப் போறியா? இட்லியா தோசையா, அதச் சொல்லு."

"இல்லத்தே... உங்க மேல ஏதாச்சும் கேஸ் இருக்குதா?"

தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது. வரிசையில் முன்னால் நின்றவர் தட்டை எடுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். உண்ணாமலை கட்டம், அப்பா, வூட்டுக்காரர், திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அத்தையின் முகம் சிவந்துகொண்டே போனது. ஆனால் கோபம் இவள் மேல் இல்லை.

"அடிச்சது நானு. கோர்ட்டுக்கு அலைஞ்சது நானு. பேரு உனக்கா? எந்த ஆபீசுடி அது?"

திங்கட்கிழமை காலை அத்தை ஆதார் அட்டையோடு வந்தார். கூடவே கொழுந்தன் சக்கரவர்த்தியையும் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்திருந்தார். அவர் வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது.

"இதான் சார் சாட்சி. சொல்லுடா."

"அண்ணிதான் சார் அடிச்சாங்க" என்றார் சக்கரவர்த்தி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல. "தோசைக் கரண்டிங்க."

சகாதேவன் விழித்துக்கொண்டார். "கையாலன்னுதான இதுல போட்டிருக்குது?"

"நான்தான் சார் கைன்னு சொன்னேன். கரண்டின்னா ஆயுதமாம். பெரிய செக்‌ஷன் ஆயிடுமாம், அப்பறம் ராசி ஆவறது கஷ்டம்னாங்க. ராசி ஆவலன்னா நான் காலைல டிபனுக்கு எங்க சார் போறது?"

"இந்தப் பொண்ணு உங்கள அடிக்கவே இல்லியா?"

சக்கரவர்த்தி உண்ணாமலையை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் லேசான ஏக்கம் தெரிந்தது. "இந்தப் பாப்பா அடிச்சிருந்தா நான் ஏன் சார் ஸ்டேஷனுக்குப் போறேன்?"

ரஹமத்துன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சகாதேவன் சிரிக்கவில்லை. நிலையத்துக்குப் போன் போட்டு அருணாதேவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வழக்கில் இருப்பவருக்கு என்ன வயது? ஐம்பத்திரண்டு என்று பதில் வந்தது. அத்தையின் ஆதாரைப் பார்த்தார். இருபத்து நாலு வயது உண்ணாமலையைப் பார்த்தார். முதல்முறையாக அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இத மொதல்லயே கேட்டிருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விதியை விடாமலே வழி கண்டுபிடித்தார். இன்றே வேலையில் சேரலாம். திருத்திய அறிக்கை வரும்வரை பகல் வேலை மட்டும், அதுவும் ரஹமத்துன்னிசாவோடு. மருந்து அலமாரிச் சாவி கைக்கு வராது.

"அது போதுங்க சார்" என்றாள் உண்ணாமலை. கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். அத்தை பார்த்துவிட்டார். "அழாதடி, வேலையப் பாரு" என்று அதட்டிவிட்டு, கொழுந்தனை ஓட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

மாடியில் முதல் அறையில் இருந்தவர் ஓய்வுபெற்ற தாசில்தார். மாத்திரையைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். காலையிலிருந்து இரண்டு பேர் கெஞ்சித் தோற்றிருந்தார்கள். ஆனால் கீழே நடந்த பஞ்சாயத்து, பாதி மட்டும், அவர் காதுவரை ஏறியிருந்தது.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்டார்: "அடி அண்ணாமலையில ஆள அடிச்ச உண்ணாமலை... நீதானாம்மா?"

"ஐயோ, இல்லீங்க ஐயா, அது வந்து..."

ரஹமத்துன்னிசா அவள் காலை மெதுவாக மிதித்தார்.

பெரியவர் வாயைத் திறந்தார். மாத்திரை உள்ளே போனது. அடுத்த மாத்திரைக்கு, யாரும் சொல்லாமலே, மறுபடியும் திறந்தார்.