பின்வாசல் குழாய்

மூன்று மாதமாக அந்தக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகட்டும் என்றுதான் தையல்காரம்மா விட்டு வைத்திருந்தாள். பின்வாசலில், துவைக்கிற கல்லை ஒட்டி, குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் நாள் முழுக்கச் சொட்டும். ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டி, கீழே வாளி வைத்திருந்தாள். வாளியை எடுத்து ஊற்றும்போதெல்லாம் மகனை ஒரு பாட்டம் திட்டுவாள். குழாயைச் சரி செய்துவிட்டால் அப்புறம் யாரைத் திட்டுவது?

அவன்தான் அதை மாட்டினான். பழசு துருப்பிடித்துப் போனதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுசு வாங்கி வந்து, அதன் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி மாட்டினான். மறுநாளே கசிந்தது. "உன் பிள்ளை லட்சணத்தைப் பாரு!" என்று அவள் புருஷன் தினமும் பல் துலக்கிக்கொண்டே சிரிப்பார். மூன்று வாரத்தில் கல்லைச் சுற்றிப் பாசி பிடித்துவிட்டது. ஒருநாள் காலை அதே இடத்தில் மனுஷர் வழுக்கி விழுந்தார். கல்லின் விளிம்பில் பின்மண்டை அடிபட்டது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

அவர் அங்கே கிடந்தபோதே ஒருநாள் வராந்தாவில் மகன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, அந்தக் குழாயை..." என்று ஆரம்பித்தான். ஆரம்பித்ததோடு சரி. பளாரென்று ஓர் அறை விட்டாள். போய்க்கொண்டிருந்த நர்ஸ் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உன் அரைகுறை வேலைதான்டா அவரை இப்படிப் போட்டிருக்கு. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. எல்லாம் முடிந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். கொஞ்ச நாள் போன் செய்து பார்த்தான். அவள் எடுக்கவில்லை. பிறகு அதுவும் நின்றுபோனது.

இப்போது பிளம்பரைக் கூப்பிட்டதும் அவள் தானாக மனம் இறங்கி அல்ல. ஈரம் சுவர் வழியாக மெஷின் இருக்கும் அறைக்குள் வந்து, தைத்து மாட்டியிருந்த ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் மஞ்சள் கறை போட்டுவிட்டது. சட்டைக்காரர் கத்திவிட்டுப் போனார். பிழைப்பில் கை வைத்த பிறகு வீம்பு எங்கே நிற்கும்?

பிளம்பர் வாய் ஓயாத ஆள். "என்னம்மா, குழாய்க்குத் தலைக்கட்டு எல்லாம் கட்டி விட்டிருக்கீங்க?" என்று துணியை அவிழ்த்துப் போட்டார். மெயின் வால்வை மூடிவிட்டு ஸ்பானரைப் போட்டார். அசையவில்லை. "இதைவிடப் பெரிசு ஏதும் இருக்கா?"

அவள் புருஷனுடைய கருவிப் பையை எடுத்து வந்தாள். அதன் வாயில் கயிறு கட்டியிருந்தது. பிளம்பர் முடிச்சோடு மல்லுக்கட்டிவிட்டுப் பையை அவளிடமே நீட்டினார். அவள் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டாள். இடது கைக்காரர் போட்ட முடிச்சு. அந்த வீட்டில் யாரும் அதை அவிழ்த்ததில்லை.

பெரிய ஸ்பானருக்குக் குழாய் கழன்று வந்தது. மரையின் அடியில் டேப் கயிறாகத் திரண்டு கிடந்தது.

"அட, யாரும்மா இதை மாட்டினது? மரை திரும்புற பக்கமாத்தானே டேப்பைச் சுத்தணும். இது எதிர்ப்பக்கம். திருகத் திருகப் பிரிஞ்சுக்கிட்டேதான் வரும். ஒழுகாம என்ன செய்யும்?"

அவள் குழாயைக் கையில் வாங்கினாள். நாளெல்லாம் நூலோடு கிடக்கிறவளுக்கு அந்தச் சுற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலைக் கண்டில் சுற்றித் தரச் சொன்னால் அவள் புருஷன் இப்படித்தான் எதிர்ப்பக்கமாகச் சுற்றித் தருவார். தலையில் அடித்துக்கொண்டு அவள் பிரித்துச் சுற்றுவாள். முப்பது வருஷப் பழக்கம். மகன் சோற்றுக்கை ஆள். அவன் சுற்றினால் இப்படி வரவே வராது.

யார் எதைச் செய்தாலும் பிரித்துத் தானும் ஒருதரம் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவள் மடித்த துணியை மறுபடி மடிப்பார். பிள்ளை கட்டிய ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவார். குழாயை மட்டும் விட்டிருப்பாரா? செத்தவரைத் திட்டக்கூடாதுதான். ஆனாலும் அவளுக்கு வயிறு எரிந்தது. தானே கழற்றி மாட்டிவிட்டு, தினமும் அங்கே நின்று பிள்ளையைக் கேலி பண்ணினாரே, பாவி மனுஷன்!

பிளம்பர் புதுக் குழாயை மாட்டி, தண்ணீரைத் திறந்து, இணைப்பைத் துடைத்துக் காட்டிவிட்டுப் போனார். சொட்டு இல்லை. அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டாள்.

"யாருக்கு என்னம்மா?" என்றான் எடுத்ததும்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. குழாயைக் கழட்டினோம்டா. அது நீ சுத்தின டேப் இல்ல. உங்கப்பா..."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"அன்னிக்குச் சாயங்காலமே கழட்டித் திரும்ப மாட்டினாரு. ஏம்ப்பான்னு கேட்டேன். உனக்கு என்னடா தெரியும், போடான்னாரு."

"பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அதைச் சொல்லத்தான்மா வராந்தாவுல உன் பக்கத்துல வந்து உக்காந்தேன்."

அவளுக்குத் தான் விட்ட அந்த அறை ஞாபகம் வந்தது. அவன் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளாமல் எழுந்து போனது ஞாபகம் வந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்டா. என்னை மன்னிச்சிடு. வீட்டுக்கு வரியா?"

"இப்ப ஒழுகலையே?"

"இல்லடா."

"கல்லுகிட்டப் பாசி இருக்கும். நல்லாத் தேய்ச்சுக் கழுவிடு. பாத்துக் கால் வை," என்றான். "ஷிப்டுக்கு நேரமாச்சும்மா, வெச்சிடறேன்."

வைத்துவிட்டான். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டுக் கேட்க அவளுக்கு முகமில்லை.